மூன்று ரவுட்டர்களும் அப்பாவின் கையும்

எங்கள் வளவுக்குள் மூன்று ரவுட்டர்கள் இருந்தன. மூன்றும் தங்கள் முகவரி 192.168.1.1 என்றே அடம்பிடித்தன. ஒரு மூச்சில் சொல்லிவிடக்கூடிய இந்த விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கச்சான் காற்றுக் காலம் முழுவதும் போனது. மேற்கிலிருந்து புழுதியையும் சூட்டையும் வாரிக்கொண்டு வரும் அந்தக் காற்று ஓய்வதற்குள் அப்பா பாதி ஆளாகிவிட்டார்.

துறைமுகத்துக்குப் போகும் பெரிய வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கையில் எங்கள் வளவு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் எழுதப்படும். பின்வளவில் அப்பா கட்டிய புது வீடு அக்காவுக்குச் சீதனமாகப் போனது. அப்பாவும் அம்மாவும் இருந்த பழைய முன்வீடு கடைக்குட்டியான எனக்கு. வீடு வந்தது, மாப்பிள்ளைதான் வரவில்லை. அம்மா போன பிறகு முன்வீட்டில் நானும் அப்பாவும், பின்வீட்டில் அக்காவும் அத்தானும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தகரம் போட்ட ஒரு நடை இருக்கிறது. கறிச்சட்டி முதல் சண்டை வரை எல்லாம் அந்த நடையால்தான் போய்வரும்.

ஆண்பிள்ளைக்கு வீடு இல்லை என்பதாலோ என்னவோ, எங்கள் இருவருக்கும் மூத்தவரான அண்ணா நாட்டைவிட்டே போய்விட்டார். சுவிசில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. அவருடைய அகதி வழக்கு இன்னும் இழுபட்டுக்கொண்டு கிடக்கிறது. அங்கிருந்து ஒருமுறை வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. அப்பாவைப் பார்க்க அவர் வரப்போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து மூட்டைகளைத் தூக்கும்போது, தூக்கும் இயந்திரமான விஞ்ச் பிடிக்கிறவருக்குக் கீழே நடப்பது தெரியாது. கப்பல் மேல்தட்டின் விளிம்பில் ஒருவர் நின்று தூக்கு, இறக்கு, மெல்ல, நிறுத்து என்று கையால் சொல்ல வேண்டும். அதுதான் அப்பாவின் வேலை. அண்ணா வெளிநாடு போவதற்கு முன் சில வருடங்கள் அதே துறைமுகத்தில் விஞ்ச் பிடித்தார். அப்பா கை காட்டுவார், அண்ணா தூக்கி இறக்குவார். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. நாள் முழுக்க இரண்டு பேரும் கையாலேயே கதைத்தார்கள். சாப்பாடு என்ன, யார் இன்று வேலைக்கு வரவில்லை, மேற்பார்வையாளர் என்ன மூஞ்சியோடு வந்திருக்கிறார் என்று எல்லாவற்றுக்கும் தங்களுக்குள் ஒரு கை வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் இரண்டு பேருக்கும் வாய் திறக்காது. "கதைச்சால் என்ன, முத்து உதிர்ந்திடுமோ?" என்று அம்மா ஏசுவார்.

பிறகு அப்பாவின் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கொழும்புக்குக் கொண்டுபோனோம், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம், அதன் வழியே மூச்சு, குரல் இல்லை. எழுதிக் காட்டலாமே என்று பார்க்க வந்த எல்லோரும் சொன்னார்கள். சொல்லுவது சுலபம். அப்பா எழுதப் பழகியதே கையெழுத்து வைக்கிற அளவுக்குத்தான், அதோடு பேனை பிடித்தால் இப்போது விரல் நடுக்கம். அவர் இரண்டு எழுத்தை எழுதி முடிப்பதற்குள் நாங்கள் முந்திக்கொண்டு "தண்ணியா? மருந்தா?" என்று கேட்போம். ஒருநாள் பேனையை யன்னலுக்கு வெளியே எறிந்தார். எழுத்து அதோடு முடிந்தது.

அதற்குப் பிறகு அவர் தன் துறைமுகக் கைக்குத் திரும்பினார். கையைத் தூக்கினால் நடுக்கமே இல்லை, பழைய ஆள்தான். எங்களுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு காலை பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். தேத்தண்ணி கலக்கச் சொல்கிறார் என்று அக்கா ஓடினார். ரேடியோவைத் திருகச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். தேத்தண்ணியும் வந்தது, ரேடியோவும் பாடியது, அப்பா கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தார். கடைசியில் அண்ணாவை வீடியோ அழைப்பில் எடுத்து, டெப்லெட் திரையை அப்பாவுக்கு முன்னால் பிடித்தேன். அப்பா ஒருதரம்தான் காட்டினார்.

"யன்னல் கொக்கி கழண்டு காத்துக்கு அடிபடுதாம். திருப்பி மாட்டி விடட்டாம்," என்றார் அண்ணா. "உங்களுக்கு இது கூட விளங்கேல்லையோ?"

அன்றிலிருந்து அண்ணாதான் அப்பாவின் வாய். அங்கே மத்தியான வேலை முடிந்து அவர் இளைப்பாறும் நேரம் எங்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய நேரம். அந்த நேரத்துக்காக அப்பா காலையிலிருந்தே காத்திருப்பார். முதுகில் எங்கே வலி, எந்த மருந்து வயிற்றைக் குமட்டுகிறது, எந்தத் தலையணை வேண்டாம் என்பதெல்லாம் சுவிஸ் போய்த்தான் அடுத்த அறையில் நிற்கும் எனக்கு வந்து சேரும். எனக்கு இதில் வெட்கமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பக்கத்தில் இருந்து கழுவித் துடைப்பது நான். கதை அண்ணாவோடு.

அப்பாவின் வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. கை காட்டுகிறவர் முதலில் உள்ளங்கையைத் திறந்து கையை உயர்த்த வேண்டும். என்னைப் பார்க்கிறாயா என்று அதற்குப் பொருள். விஞ்ச் பிடிக்கிறவர் பதிலுக்குக் கையை உயர்த்தினால்தான் அடுத்த கை காட்டலாம். உயர்த்தாவிட்டால் ஒன்றும் காட்டக் கூடாது, சுமை தலையில் விழுந்து ஆள் செத்துவிடும். அப்பா இந்தச் சட்டத்தைக் கட்டிலிலும் விடவில்லை. நான் போனில் அவர் கையைப் படம் பிடித்து அண்ணாவுக்கு அனுப்பலாம் என்று பார்த்தேன். போனைப் பார்த்துக் கையை உயர்த்தினார், பதில் கை வரவில்லை, இறக்கிவிட்டார். பிடித்து வைத்து அனுப்புகிற படம் அவருக்குச் சரிவரவில்லை. அண்ணாவின் முகம் உயிரோடு எதிரில் இருக்க வேண்டும்.

உயிரோடு இருக்க வேண்டிய அந்த முகம்தான் நாளாந்தம் உறைந்துபோனது. ஃபைபர் இணைப்பு பின் ஒழுங்கைக் கம்பத்திலிருந்து வந்ததால் முதல் ரவுட்டர் அக்கா வீட்டில் இருந்தது. அங்கிருந்து ஒரு வயர் நடைக்கு வந்து, முன்பிருந்த இணைப்பின் பழைய ரவுட்டரில் ஏறியது. அதுதான் முன்வீட்டுக்கு. ஆனால் அப்பாவின் அறைச் சுவர் பழங்காலத்துச் சுவர், ஒன்றரை அடித் தடிப்பு. அதைத் தாண்டி ஒன்றும் போகாது. அதனால் மூன்றாவதாக ஒன்றை வாங்கி, அப்பாவின் அலுமாரிக்கு மேல் வைத்து, பழையதிலிருந்து வயர் இழுத்தோம். விருந்தாளி கூடக் கூடக் கதிரை இழுத்துப் போடுவதுபோல ரவுட்டர்களைப் போட்டுக்கொண்டே போனோம். வயர்களை அகப்பட்ட துவாரத்தில் செருகினோம். லைற் எரிந்தது, அது போதும் என்று இருந்துவிட்டோம்.

அழைப்பு தொடங்கும்போது எல்லாம் நன்றாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் படம் நின்றுவிடும். குரலோடு பேசுகிறவர்களுக்குப் படம் நின்றால் பெரிய நட்டமில்லை. அப்பாவுக்கு அப்படியில்லை. தூக்கு என்பதற்கும் இறக்கு என்பதற்கும் கை ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கும். எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்பதில்தான் பேச்சு. நின்றுபோன கையில் அண்ணாவுக்கு ஒன்றும் தெரியாது. "நிண்டுட்டுது, நிண்டுட்டுது" என்று அண்ணாவின் குரல் அறுந்து அறுந்து வரும். அப்பா டெப்பை முறைத்துப் பார்ப்பார், பிறகு என்னை முறைப்பார்.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஊருக்குள் திரிகிற மான்கள் எங்கள் செவ்வரத்தைச் செடிகளைத் தின்ன வளவுக்குள் வரும். அவைதான் வயரைக் கடிக்கின்றன என்றார் அக்கா. ரவுட்டர் பெட்டிக்குப் பின்னால் உள்ள சின்னத் துவாரத்தில் ஊசியைக் குத்தினால் எல்லாம் புதிதாகிவிடும் என்றார் அத்தான். இணைப்புத் தந்த கொம்பனிக்கு அழைத்தேன். உங்கள் லைனில் குறை இல்லை, நிறுத்திப் போட்டுப் பாருங்கள் என்றார்கள். லைனில் உண்மையாகவே குறை இருக்கவில்லை. குறை முழுவதும் எங்கள் வளவுக்குள்தான்.

நான் ஒரு அரச அலுவலகத்தில் கோப்பு எழுதுகிற லிகிதர். பிரிண்டரில் கடதாசி சிக்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்த வேலைக்கு என்னிடம் இருந்த தகுதி அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் விடமாட்டேன். ஒவ்வொரு ரவுட்டராக நிறுத்திப் பார்த்தேன். தனித்தனியே வைத்தால் மூன்றும் நல்ல பிள்ளைகள். சேர்த்து வைத்தால்தான் ஏழரை. மாலையில் மோசம், காலையில் பரவாயில்லை. ஏன் மாலை என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அக்கா வீட்டில் டிவி போடும் நேரம் அது என்று பிறகுதான் பிடிபட்டது. அக்காவின் நாடகம் தொடங்கினால் அப்பாவின் கதை முடிந்துவிடும்.

"அப்பிடியெண்டால் நான் நாடகத்தை விட்டுறன்," என்றார் அக்கா. எத்தனையோ வருடமாகப் பார்க்கிறவர். சொன்னபடியே விட்டார். இரண்டு நாள் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் அத்தான் வேலையால் வந்து போனைத் திறந்தார், படம் நின்றது. அக்காவின் தியாகம் வீணாகப் போனது.

கடைசியில் உண்மையைச் சொன்னது என் மடிகணினி. ஒருநாள் அதன் மூலையில், உன் ஐ.பி. முகவரியை இந்த வலையமைப்பில் வேறொரு கருவியும் வைத்திருக்கிறது என்று ஒரு செய்தி எழும்பியது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ரவுட்டரோடு சேர்கிற ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் படமும் குரலும் வந்து சேரும். கிளினிக்கில் நம்பர் துண்டு கொடுப்பதுபோல. ஒரு ஆள் கொடுத்தால் சரி. எங்கள் வளவில் மூன்று பேர் இருந்துகொண்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், முதலாம் நம்பரிலிருந்து துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் டெப்புக்கும் அக்காவின் டிவிக்கும் ஒரே நம்பர். அது போதாதென்று, துண்டு கொடுக்கிற மூன்று பேரும் தங்களுக்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டார்கள். கடையிலிருந்து வரும்போதே மூன்றும் 192.168.1.1.

தெரிந்துகொண்டது ஒன்று, திருத்துவது இன்னொன்று. ரவுட்டரின் உள்ளே போய் மாற்ற வேண்டும். உள்ளே போக அந்த முகவரியைத்தான் அடிக்க வேண்டும். அடித்தால் மூன்றில் எது பதில் சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? நடையில் இருந்த பழையதற்குள் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றினேன். பின்வீட்டிலிருந்து அத்தானின் கூச்சல் கேட்டது. நான் மாற்றியது அவர்கள் வீட்டு ரவுட்டரை. "ஆரின்ர வீட்டுக்குள்ள பூந்து என்ன செய்யிறாய்?" என்று அக்கா நடைக்கு வந்து நின்றார். அக்காவுக்கு விளக்கப்போய் எனக்கே குழம்பியது. பிறகுதான் புத்தி வந்து, மற்ற இரண்டையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் வயரால் மடிகணினியோடு கட்டித் திருத்தினேன். அக்கா வீட்டுப் பெட்டியை அப்படியே விட்டேன். நடையில் இருந்ததற்கும் அலுமாரிக்கு மேல் இருந்ததற்கும் வேறு வேறு முகவரி கொடுத்தேன். அந்த இரண்டும் நம்பர் கொடுக்கிற வேலையை நிறுத்தினேன். இனித் துண்டு கொடுப்பது ஒரே ஒரு ஆள்.

அன்று மாலை அண்ணாவின் முகம் வந்தது. டிவி ஓடியது, அத்தானின் போன் ஓடியது, படம் நிற்கவில்லை. அப்பா கையை உயர்த்தினார், அண்ணா கையை உயர்த்தினார். பிறகு இரண்டு பேரும் கதைத்தார்கள். உணவகத்தின் பின்முற்றத்தில் குளிர்ச்சட்டையோடு நின்ற அண்ணாவின் கையும், கட்டிலில் சாய்ந்திருந்த அப்பாவின் கையும் மாறி மாறிப் போய்வந்தன. ஒரு இடத்தில் அப்பா சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. என்ன பகிடி என்று கேட்டேன். "உனக்கு விளங்காது, அது பழைய கப்பல் கதை," என்றார் அண்ணா. நான் குசினிக்குப் போய்விட்டேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அந்தச் சந்தோசமும் நிலைக்கவில்லை. ஒருநாள் மின்சாரம் போய்வந்தது, அத்தானின் போனில் ஏதோ ஓடவில்லை. அவர் நடைக்கு வந்து பழைய ரவுட்டரின் துவாரத்தில் ஊசியைக் குத்தினார். குத்தினால் அது கடையிலிருந்து வந்த நாளுக்கே திரும்பிவிடும், நான் கொடுத்த முகவரி போய்விடும், மறுபடியும் துண்டு கொடுக்கத் தொடங்கிவிடும். அன்றும் அடுத்த நாளும் அப்பாவுக்குக் கதையில்லை. நான் அத்தானைக் கிழி கிழி என்று கிழித்தேன். அவர் பாவம், நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தார். திரும்பத் திருத்தினேன். அப்பாவின் கழுத்துப் புண்ணுக்குப் போடும் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, அந்தத் துவாரத்துக்கு மேல் ஒட்டினேன். இனி யாரும் கை வைக்க வேண்டாம் என்று இரண்டு வீட்டுக்கும் கேட்கக் கத்தினேன்.

அதற்குள் நோய் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. ஒட்சிசன் சிலிண்டரும் சளி இழுக்கிற இயந்திரமும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தன. இனிக் கட்டிலை அசைக்க ஏலாது என்றார் டொக்டர். அப்பா கை காட்டுவதும் குறைந்தது. இரண்டு கை காட்டினால் மூச்சு வாங்கும். அண்ணாதான் அதிகம் பேசுவார், அப்பா பார்த்துக்கொண்டிருப்பார்.

நோயில் பூசுதலுக்கு, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்க, எங்கள் கத்தோலிக்கக் கோயில் சுவாமியார் வருவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடானது. அண்ணாவும் அன்று லீவு எடுத்துக்கொண்டார். காலையிலிருந்தே அப்பா ஒரு மாதிரி. டெப்பைக் காட்டுவார், தன் நெஞ்சைத் தொடுவார், திரும்ப டெப்பைக் காட்டுவார். இது எனக்கே விளங்கியது. அண்ணாவுக்குச் சொல்ல அவரிடம் ஏதோ இருந்தது. யன்னல் கொக்கியும் தலையணையும் இல்லை, வேறு ஏதோ ஒன்று. "கொஞ்சம் பொறுங்கோ அப்பா, சுவாமி வந்திட்டுப் போகட்டும், பிறகு ஆறுதலாக் கதைக்கலாம்," என்றேன். அவர் தலையாட்டினார். வெள்ளைச் சட்டை போட்டுவிடச் சொன்னார், போட்டுவிட்டேன்.

எங்கள் வீடுகளில் நற்கருணையோடு சுவாமியார் வருகிறார் என்றால் கூரை முதல் நிலம் வரை கழுவித் துடைப்போம். மேசைக்கு வெள்ளை விரிப்பு, இரண்டு மெழுகுதிரி, ஒரு கிண்ணம் தண்ணீர். அக்கா காலையிலேயே இடுப்பில் சீலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். சுவாமியார் வந்தார், நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார், செபித்தார், போனார். அப்பா உடனே டெப்பைக் காட்டினார்.

அண்ணாவின் முகம் வந்தது. மொட்டை மாதிரி வெட்டிய தலை, இஸ்திரி போட்ட சட்டை, பின்னால் சுவரில் திருஇருதயப் படம். "அப்பா," என்றார். அப்பா உள்ளங்கையைத் திறந்து கையை உயர்த்தினார். முன்போல் இல்லை, காது வரைக்கும்தான் உயர்ந்தது. அண்ணாவின் தோள் அசைந்தது. அவர் கையை உயர்த்தத் தொடங்கினார், கை படத்துக்குள் வருவதற்கு முன் படம் நின்றது.

அப்பா கையை இறக்கவில்லை. அண்ணா பார்த்துக்கொண்டே இருப்பதுபோலத்தான் முகம் நின்றது, இலேசான சிரிப்போடு. பதில் கை மட்டும் வரவில்லை. "அப்பா, படம் நிண்டுட்டுது, கையை இறக்குங்கோ, நான் இப்ப சரிப்பண்ணுறன்," என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முழங்கையைத் தலையணையில் ஊன்றிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மடிகணினியைத் திறந்து 192.168.1.1 என்று அடித்தேன். அக்கா வீட்டுப் பெட்டி பதில் சொல்ல வேண்டிய இடத்தில், நடையில் இருந்த பழையதன் முகப்பு வந்து நின்றது. நடைக்கு ஓடினேன். பழைய ரவுட்டர் பளபளவென்று துடைத்துக் கிடந்தது. நான் ஒட்டிய பிளாஸ்டர் இல்லை.

"அந்த ஊத்தைப் பிளாஸ்டரைச் சொல்லுறியே? நான்தான் உரிச்சனான்," என்றார் அக்கா. கையில் இன்னும் துடைக்கிற துணி. "எல்லாத்தையும் துடைச்சனான், இதையும் துடைச்சனான். இண்டைக்கு அண்ணா லீவு போட்டிருக்கிறார், அப்பா நல்லாக் கதைக்கட்டும் எண்டு, உன்ர அத்தான் செய்யிற மாதிரி ஊசியால ஒருக்காக் குத்திப் புதுசாக்கி விட்டனான்." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "ஏன், பிழையோ?"

நாடகத்தை விட்ட அக்கா, விடியற்காலையிலிருந்து முழங்காலில் நின்று நிலம் துடைத்த அக்கா. அவரைத் தாண்டிப் போய்ப் பெட்டிக்குக் குனிந்தேன். பழையதைப் பிடுங்கி எறியலாம் என்றால் அப்பாவின் அறைக்குப் போகும் வயர் அதிலிருந்துதான் போகிறது. எறிந்தால் அந்த அறைக்கு ஒன்றுமே இல்லை. போனில் டேட்டாவைப் போட்டுக்கொண்டு அப்பாவின் அறைக்கு ஓடினேன். அந்தச் சுவருக்குள் சிக்னல் ஒரு கோடு. அண்ணாவை அழைத்தேன், கறுப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா அதைப் பார்த்தார், பிறகு நின்றுபோன டெப்பைப் பார்த்தார். கை இன்னும் மேலேதான் இருந்தது, விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன.

திரும்ப நடைக்கு. வயரைக் கட்டி உள்ளே போய், முகவரியை மாற்றி, துண்டு கொடுப்பதை நிறுத்தி, சேமித்தேன். அது தன்னைத் தானே அணைத்து எழும்ப நேரம் எடுத்தது. ஒவ்வொரு லைற்றாக ஆறுதலாக எரிந்தது. என் வாழ்நாளில் ஒரு பெட்டியை அப்படிக் கெஞ்சியதில்லை. அக்கா பக்கத்தில் நின்று செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

அறைக்கு ஓடி வந்தபோது டெப்பில் அண்ணா அசைந்தார். "அப்பா! அப்பா, பாருங்கோ, நான் நிக்கிறன்," என்று கையை உயர்த்திப் பிடித்தார். நான் டெப்பைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். அப்பாவின் கை போர்வைக்கு மேல் விழுந்து கிடந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடியிருந்தார். டெப்பை மற்றப் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தேன். கண் திறக்கவில்லை. "அப்பா, அண்ணா வந்திட்டார்," என்று தோளைத் தொட்டேன். மூச்சு கரகரவென்று போய்வந்தது. அண்ணா கையை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் "நித்திரை கொள்ளட்டும், எழுப்பாதே," என்றார்.

மாலையில் அப்பா கண் திறந்தபோது நானே கேட்டேன். அண்ணாவுக்கு என்ன சொல்ல வேண்டும்? வீட்டைப் பற்றியா? அம்மாவைப் பற்றியா? அண்ணாவின் மேல் கோபமா? என்னைப் பற்றியா? ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையாட்டினார், பிறகு தலையாட்டவும் இல்லை. விடிவதற்கு முன் மூச்சுத் திணறியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவரை வைத்த இடத்துக்குள் போன் கொண்டுபோக விடவில்லை. அங்கேயே முடிந்தது.

அவர் என்ன சொல்ல இருந்தார் என்று அண்ணா இன்றுவரை என்னிடம் கேட்கிறார். எந்தக் கை, எந்தப் பக்கம் போனது, மெல்லவா வேகமாகவா என்று கேட்கிறார். பதில் கை வராதபடியால் அப்பா ஒன்றுமே காட்டவில்லை. தொடங்கவேயில்லை.

செத்த வீட்டுக்கு ஊரே கதிரை கொண்டுவந்தது. வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் நேரலையில் பார்ப்பதற்கு வீடியோக்காரர்களைப் பிடித்துத் தந்தார் அத்தான். அவர்கள் எங்கள் ரவுட்டர்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தங்கள் சொந்த இணையக் கருவியை முற்றத்தில் ஒரு கம்பத்தில் கட்டி, ஒரு கமராவைச் சவப்பெட்டிக்கு நேராக நிறுத்தினார்கள். ஒப்பாரி, செபம், பூசை, சேமக்காலையில் அடக்கம் வரை எல்லாம் போனது.

எல்லாம் முடிந்து, வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தேன். போன் அடித்தது. அண்ணாதான்.

"தங்கச்சி, இண்டைக்கு ஒருக்காவும் நிக்கேல்லை," என்றார். "தொடக்கத்திலயிருந்து கடைசி மட்டும் அப்பாவின்ர முகம் நல்ல கிளியரா இருந்தது. எப்பிடியோ நீ சரிப்பண்ணிப் போட்டாய்."

"ஓம் அண்ணா," என்றேன்.